ஒல்லியானவளுக்கும் நீர்க்கட்டி

என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் தம்பி மனைவி, புதுப்பெண்ணாக எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கிய அன்று எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவள் இடுப்பைப் பார்த்தேன்.

ஆரத்தி எடுக்க என்னைக் கூப்பிடவில்லை. பிள்ளை பெற்றவள்தான் எடுக்க வேண்டும் என்று என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தட்டைக் கொடுத்திருந்தார். நான் கூடத்துக் கதவோரம் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் அவள் பக்கவாட்டில் தெரிந்தாள். கனத்த பட்டுப்புடவையிலும் பெருத்துத் தெரியாத உடம்பு. இவள் மூன்று மாதத்தில் உண்டாகிவிடுவாள் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். எடை எண்பத்திரண்டு கிலோ. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். சில சமயம் ஐந்து மாதம்கூட ஆகும். கன்னத்தோரம் முளைக்கும் முடியைப் பதினைந்து நாளைக்கு ஒருதடவை எடுக்க வேண்டும். ஸ்கேனில் சினைப்பை ஓரமாகச் சின்னச் சின்னக் குமிழ்களைக் காட்டி டாக்டரம்மா சொல்லியிருந்தார். "பிசிஓஎஸ்மா. எல்லாரும் நீர்க்கட்டின்னு சொல்றாங்க. பயப்படுற மாதிரி கட்டி இல்லை, முதிராம நின்னுபோன முட்டைங்கதான். கொஞ்சம் எடை குறைஞ்சாலே உங்களுக்கு முட்டை வெளிவர ஆரம்பிக்கலாம்."

அவர் அதைச் சொல்லி இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் குறைக்கவில்லை. துறைமுகத்துச் சரக்குகளுக்குக் காகிதம் தயாரிக்கும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் எனக்கு வேலை. காலை ஒன்பதரை முதல் மாலை ஏழு வரை கண்டெய்னர் எண்களைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருப்பேன். நான்கு மணிக்கு டீயும், முந்திரியும் சீனியும் சேர்த்துச் சுட்ட மக்ரூனும் வரும். கப்பல் பிந்தினால் பொரித்த பரோட்டா வரும். வீட்டுக்கு வந்தால் அத்தையின் கருப்பட்டிக் காப்பி. வெள்ளிக்கிழமைதோறும், கர்ப்பப்பைக்கு நல்லது என்று, நல்லெண்ணெய் மிதக்க மிதக்க உளுந்தங்களி.

எங்கள் வீட்டில் மாதவிலக்கான பெண் மூன்று நாள் சாமி விளக்கு ஏற்றமாட்டாள். ஓரகத்தி வந்ததும் அத்தை விளக்கேற்றும் பொறுப்பை அவளிடம் கொடுத்தார். அதனால் ஒருத்தியிடமும் கேட்காமல் அவள் நாள் கணக்கை என்னால் தெரிந்துகொள்ள முடிந்தது. முப்பது நாள் அவள் விடாமல் ஏற்றினாள். நாற்பது நாள் ஆனது. எனக்கு வயிற்றில் அமிலம் ஊறுவதுபோல எரிந்தது. சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சாமி அறையைத்தான் பார்ப்பேன். அவள் குனிந்து திரியைத் தூண்டிக்கொண்டிருப்பாள். ஐம்பது நாள். அறுபது நாள். வாந்தி இல்லை, மயக்கம் இல்லை. மறைக்கிறாள் என்று நினைத்தேன். என் கண் பட்டுவிடக் கூடாது என்று மறைக்கிறாள் என்றே நினைத்தேன்.

மருத்துவமனையில்தான் அவளைப் பார்த்தேன். நான் வழக்கமாகப் போகும் அதே டாக்டரம்மாவின் வெளியறையில், அவள் தன் அம்மாவோடு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் மடியிலிருந்த ஃபைலின் மேல் துப்பட்டாவை இழுத்து மூடினாள்.

"அக்கா" என்றாள்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எத்தனை நாளாச்சு?" என்று கேட்டேன்.

"எழுவத்தி ரெண்டு. உண்டாகல. நீர்க்கட்டியாம்க்கா. பத்தாங்கிளாஸ்லேருந்தே இப்படித்தான் தள்ளித் தள்ளிப் போகும். ஒங்க வீட்ல சொல்லாம மறைச்சுட்டோம்." பிறகு என் கையைப் பிடித்தாள். "அத்தைட்ட சொல்லிராதீங்கக்கா. ஒங்கட்ட மட்டுந்தான் சொல்லுதேன்."

அந்த நிமிடம் எனக்கு வந்தது இரக்கம் என்று எழுத ஆசைதான். வந்தது சந்தோஷம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். பிறகு என் முறை வந்ததும் உள்ளே போய் டாக்டரம்மாவிடம், "இவ்வளவு ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் இது வருமா டாக்டர்?" என்று கேட்டேன். யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

"வரும். எடை இதை மோசமாக்கும். ஆனா எடை மட்டும் காரணம் இல்லை" என்றார். பிறகு, "நீங்க உங்க எடையப் பாருங்க" என்றார்.

அடுத்த வாரம் நாங்கள் இருவரும் நடக்க ஆரம்பித்தோம். அவள்தான் கூப்பிட்டாள். தினமும் காலை ஐந்தரைக்குக் கிளம்பி, கடற்கரைச் சாலை வழியாக மீன் ஏலம் நடக்கும் இடம் தாண்டிப் போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். எனக்கு டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னது எடைக் குறைப்பு. சோறு ஒரு கரண்டி, மீனும் காயும் நிறைய, மக்ரூன் இல்லை, பரோட்டா இல்லை. அவளுக்கோ டாக்டரம்மா குறைக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். இனிப்பை விட வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும், தசை வலுப்பெற உடற்பயிற்சி செய்ய வேண்டும், முட்டையும் பருப்பும் கூடுதலாகச் சாப்பிட வேண்டும். நான் வெறும் சுண்டலை மென்றுகொண்டிருக்கும்போது அவள் எதிரில் உட்கார்ந்து இரண்டு முட்டைத் தோசை சாப்பிடுவாள். ஒரே நோய்தான். அதிலும் அவளுக்கு வாய்த்தது தோசை தின்கிற நோய்.

வீட்டில் முதல் சண்டை கருப்பட்டிக்காக வந்தது. காப்பியில் வேண்டாம் என்று நான் சொன்னதும் அத்தை டம்ளரைக் கீழே வைத்தார்.

"சீனிதான வேண்டாம்னா டாக்டரு? இது கருப்பட்டி."

"கருப்பட்டியும் இனிப்புதானத்தை. அதுவும் ஆகாதுன்னுட்டாங்க."

"பனையில எறங்குன மருந்துளா இது. நானும் எங்க அக்கா தங்கச்சியும் இதைக் குடிச்சுத்தான் ஆளுக்கு அஞ்சு பெத்தோம். அந்த டாக்டரு எத்தனை பெத்தாளாம்?"

அன்று முதல் ஒரு மாதம் அத்தை எனக்குக் காப்பி போடவில்லை. ஓரகத்திக்குப் போட்டுக் கொடுப்பார். அவள் அதை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்த் துவைக்கிற கல்லடியில் ஊற்றிவிட்டு வருவாள். அவள் எதிர்த்துப் பேசவே தேவையிருக்கவில்லை. அதற்கும் எனக்குப் பொறாமை.

எட்டு மாதத்தில் எண்பத்திரண்டு எழுபத்து நான்கு ஆனது. மாதவிலக்கு நாற்பது நாளுக்கு ஒருமுறை வந்தது. பிறகு முப்பத்தைந்து. எப்படி இளைத்தாய் என்று அலுவலகத்தில் ஒருவர் விடாமல் கேட்டார்கள். என் கணவர் பார்த்துக்கொள்ளும், கயிறும் தார்ப்பாயும் விற்கும் எங்கள் கடைக்கு நான் போனபோது, வாடிக்கையாளர் ஒருவர் என்னை அடையாளம் தெரியாமல், "அண்ணாச்சி, இது யாரு, கொழுந்தியாளா?" என்று கேட்டிருக்கிறார். என் கணவர் அதை ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓரகத்தி நடையில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் ஏலக்கூடம் தாண்டியதும் நின்றுவிட்டாள்.

"ஒங்களைப் பாத்தா எரிச்சலா வருதுக்கா" என்றாள்.

"ஏன்?"

"ஒங்களுக்கு எறங்குதது கண்ணுக்குத் தெரியுது. ஊரே சொல்லுது. நானும் ஒங்க கூடத்தான் நடக்கேன். எனக்கு என்னத்த எறக்க? இன்னும் அறுவது நாளு, எழுவது நாளுதான். ஒல்லியா இருக்கவளுக்கு என்ன நோவுன்னு எங்கம்மையே கேக்கா."

அவள் என்மேல் பொறாமைப்படுகிறாள். என் வாழ்நாளில் என்னைப் பார்த்து எவளும் பொறாமைப்பட்டதில்லை. அவளுக்கு ஆறுதலாக ஏதோ சொன்னேன். ஆனால் அன்றிலிருந்து எடை பார்க்கும் மிஷினைக் குளியலறைப் பக்கத்திலிருந்து எடுத்துக் கூடத்தில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஏறி நின்று எடையைச் சத்தமாகச் சொன்னேன். அவள் அடுப்படியில் இருக்கும்போதுதான் சொல்வேன்.

டாக்டரம்மா அவளுக்கு முட்டை வளர மாத்திரை ஆரம்பித்தார். மாதவிலக்கான இரண்டாம் நாளிலிருந்து ஐந்து நாள் போட வேண்டும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன். "எனக்கும் குடுங்க டாக்டர்" என்றேன். எனக்குத் தானாகவே சுழற்சி சீராகி வருகிறது, இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். நியாயம்தான். எனக்கு நியாயமாகப் படவில்லை. வருத்தி நடந்து உடம்பைச் சரிசெய்த எனக்குக் காத்திருப்பு, அவளுக்கு மாத்திரையா?

இரண்டாவது மாதத்திலேயே அவளுக்குத் தரித்துவிட்டது. என்னிடம் அவள் சொல்லவில்லை. முழங்கால் வலிக்கிறது என்று நடையை நிறுத்தினாள். மூன்று வாரம் கழித்து அத்தைதான், கை நிறையக் கற்கண்டோடு என் அறைக்கு வந்து சொன்னார். நான் கற்கண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். அன்று அலுவலகத்துக்குப் போகிற வழியில் பேக்கரியில் நிறுத்திக் கால் கிலோ மக்ரூன் வாங்கினேன். துறைமுகச் சாலையில் உப்பு லாரிகள் நிற்கிற வரிசைக்குப் பின்னால் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, அதன்மேல் உட்கார்ந்தபடியே முழுவதையும் தின்றேன். ருசி எதுவும் தெரியவில்லை. மடியெல்லாம் வெள்ளைத் தூள்.

பிறகு நான் நடக்கவில்லை. மூன்று மாதத்தில் ஐந்து கிலோ திரும்பி வந்தது. அவளோடு தேவைக்கு மட்டும் பேசினேன். அவளுக்கு மசக்கை அதிகம். நான் மீன் பொரிக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடுவாள். அவள் ஓடட்டும் என்றே சில நாள் வாடை தூக்கலான சாளை மீனை வாங்கிவந்து பொரித்தேன்.

வளைகாப்பு அன்று அவளுக்கு ஏழாம் மாதம். கூடம் முழுக்கச் சொந்தக்காரப் பெண்கள். அவள் பச்சைப் புடவையில், கை நிறைய வளையலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அத்தையின் தங்கை என்னைப் பிடித்து இழுத்து, "பெரியவளையும் பக்கத்துல உக்கார வையுங்க. சின்னவ ராசி இவளுக்கும் ஒட்டட்டும்" என்றார். என்னை உட்காரவைத்து, அவள் கையிலிருந்து கழற்றிய ஒரு வளையலை எனக்குப் போடப் பார்த்தார்கள். அது என் விரல் கணுவைத் தாண்டவில்லை. யாரோ சிரித்தார்கள்.

"வாயைக் கட்டணும்லா" என்றார் அத்தை, கூடத்துக்கே கேட்கும்படி. "சின்னவளுக்கு ஒரு கொறையும் கெடையாது. சுத்தமான ஒடம்பு. அதான் மருந்து மாத்திரை இல்லாம தானா தரிச்சுட்டு."

நான் வளையலைப் பிடுங்கித் தட்டில் போட்டேன்.

"அவளுக்கும் நீர்க்கட்டிதான்" என்றேன். "பத்தாங்கிளாஸ்லேருந்தே இருக்கு. மாத்திரை போட்டுத்தான் தரிச்சது. நம்ம டாக்டரம்மாதான் அவளுக்கும் பாக்காங்க. வேணும்னா அவளையே கேளுங்க."

அவள் அம்மாவின் கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். ஓரகத்தி என்னைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த வளையல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"சொன்னது பொய்யில்லத்தை. ஆனா நான் அக்காட்ட மட்டுந்தான் சொன்னேன்."

அன்று சாயங்காலமே அவளை ஆறுமுகநேரியிலிருக்கும் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். என் கணவர் என்னைத் திட்டவில்லை. "நீ அப்படிச் சொல்லிருக்கக் கூடாதுளா" என்றார். ஒருமுறைதான் சொன்னார். ஒரு வாரம் அவர் தட்டில் சோறு வைக்கும்போது நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

நான் எதிர்பாராதது அத்தைதான். நான்காம் நாள், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் ஒரு சேலை ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்பம் ஒல்லியா இருந்தாலும் வரும்?" என்று கேட்டார்.

"வரும்."

"மருந்துக்குக் கேக்குமா?"

"கேக்கும்த்தை. நேரம் எடுக்கும்."

"ம்" என்றார். "நான் நீ தின்னுதான் கெடுத்துக்கிட்டன்னு நெனச்சேன்."

மறுநாள் காலை என் டம்ளரில் கருப்பட்டி போடாத காப்பி இருந்தது. அதற்குப் பிறகு அவர் என் உடம்பைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. நான் இத்தனை வருடம் விளக்கிச் சொல்லியும் ஏறாதது, ஒருத்தியைக் கூட்டத்தில் காட்டிக்கொடுத்ததும் ஏறிவிட்டது. செய்த துரோகத்தில் எனக்கே லாபம் வந்ததுதான் என்னை அதிகம் உறுத்தியது. அந்தக் காப்பியை நான் பல நாள் முழுசாகக் குடித்ததில்லை.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டில் எல்லோரும் காரில் போய்ப் பார்த்து வந்தார்கள். நான் கப்பல் வருகிறது என்று பொய் சொல்லி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். இருபது நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். ஆறுமுகநேரியில் உப்பளத்து வெயில் கண்ணைத் திறக்கவிடவில்லை. வீட்டை விசாரித்துப் போனேன். கதவைத் திறந்த அவள் அம்மா, ஒன்றும் சொல்லாமல் உள்ளே கையைக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதியிருந்தது, கன்னத்தில் பருக்கள். குழந்தை பக்கத்தில் தூங்கியது.

"நான் செஞ்சது தப்பு" என்றேன். பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்த மற்ற எதுவும் வரவில்லை.

அவள் குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். பிறகு, "ஏங்க்கா சொன்னிய?" என்றாள்.

"பொறாமை."

"அது தெரியும். மாசமானதை ஒங்கட்ட மறைச்சது அதுக்குத்தான். நீங்க மூஞ்சியத் தூக்குவியன்னு பயந்தேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "ஆனா கூட்டத்துல வச்சு சொல்லுவியன்னு நெனைக்கல. எங்கம்மை அதுலேருந்து ஒங்க வீட்டுக்கு வரவே மாட்டேங்கா."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குழந்தை அசைந்து சிணுங்கியது. நான் கையை நீட்டினேன்.

"கையக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

கழுவிவிட்டு வந்தேன். குழந்தையை என் கையில் வைத்தாள். எவ்வளவு லேசாக இருந்தது. எல்லாம் கரைந்து போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. இது ஏன் என்னுடையது இல்லை என்றுதான் மறுபடியும் நினைத்தேன், அதன் தலை வாசனையை முகர்ந்துகொண்டே.

திங்கட்கிழமை தனியாக நடக்கப் போனேன். முதலில் அரை மணி நேரம்தான் முடிந்தது. நான்கு மாதம் கழித்துக் குழந்தையோடு வீட்டுக்குத் திரும்பிய ஓரகத்தி, இன்னும் இரண்டு மாதம் என்னோடு அளவாகவே பேசினாள். ஒருநாள் காலை நான் வாசலில் ஷூ கட்டிக்கொண்டிருந்தபோது குழந்தையை அத்தையிடம் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். "எனக்கு மறுபடியும் தள்ளிப்போவுதுக்கா. டாக்டரு நடக்கச் சொல்லுதாங்க" என்றாள். சேர்ந்து போனோம். ஏலக்கூடம் வரை இருவரும் பேசவில்லை. திரும்பும்போது, முந்தின நாள் குழந்தை தவழப் பார்த்ததைச் சொன்னாள்.

அந்தக் குழந்தைக்கு இப்போது இரண்டரை வயது. என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறாள். எனக்கு எடை எழுபத்தொன்று. மாதவிலக்கு முப்பத்திரண்டு நாளுக்கு ஒருமுறை வருகிறது. சர்க்கரை எல்லைக்கோட்டிலிருந்து இறங்கிவிட்டது, மூச்சு வாங்குவதில்லை. முட்டை வெளிவருவதை ஸ்கேனில் பார்த்திருக்கிறேன். டாக்டரம்மாவின் மாத்திரையும் நான்கு சுற்றுப் போட்டாகிவிட்டது. குழந்தை மட்டும் தரிக்கவில்லை. நடந்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

போன மாதம் ஒரு காலை, கடற்கரைச் சாலையில் பாதி வழியில் அவள் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நாள் தள்ளிப்போயிருக்குக்கா. வழக்கம்போலன்னு நெனச்சேன். நேத்து வீட்லயே டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். ரெண்டு கோடு. இந்தத் தடவை மாத்திரையே போடல." அவள் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அவங்களுக்கே இன்னும் தெரியாது. ஒங்கட்டதான் மொதல்ல சொல்லுதேன்."

வயிற்றில் அதே அமிலம் ஊறியது. ஒரு துளியும் குறையாமல் ஊறியது. தூரத்தில் கப்பல்கள் உள்ளே வரக் காத்து நின்றிருந்தன. நான் அவற்றை எண்ணுவதுபோல் கொஞ்சநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குப் பொறாமையா இருக்குளா" என்றேன்.

"தெரியும்" என்றாள். "இன்னைக்கு மெதுவா நடப்போம்."

மெதுவாக நடந்தோம். எதிரே வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். வீட்டு முக்கில் வந்ததும், யாருக்கும் தெரிய வேண்டாம், அவள் சொல்லும்வரை நான் சொல்லமாட்டேன் என்றேன். அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை. எட்டு நாள் கழித்து அவளே வீட்டில் சொன்னாள். அத்தை கற்கண்டை முதலில் என் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

அடுத்த சுற்று மாத்திரை எனக்குப் புதன்கிழமை ஆரம்பிக்கிறது.